அட்டைக்கடி என்று சொன்னோம்

என் வயதுக் கிழவிகளே, உங்களுக்கெல்லாம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அறுபது வருடமாக அதைத் திருத்தாமலும் விட்டிருக்கிறேன். போன மாசம் உங்களில் இப்போது கூடலூரில் இருக்கிறவள் தொலைபேசியில் பேசும்போது, "ஒங்க அக்கா பாவம்டி, அட்டைக்கடி புண்ணாகித்தானே அந்த மழையில படுத்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். ஞாபகம் இருக்கிறதாம்! அந்த ஞாபகத்தை அவளுக்குக் கொடுத்தவளே நான்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். இந்த வயதிலும் அந்தப் பொய் என் வாயில் இவ்வளவு தயாராக இருக்கிறதே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கண் தெரியாதவளுக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். அவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், நம் தேயிலைத் தோட்டம் இலங்கையில் வட்டவளைக்கு மேலே. ஆனி, ஆடி வந்துவிட்டால் மழை விடாது. துணி காயாது, விறகு பற்றாது, நாம் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயத்துச் சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பச்சை பிடித்துக் கிடக்கும். இருக்கிற ஒரே அறையில், காம்பரா என்போம், ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் நாங்கள் நாலு பேர், நடுவே கொடியில் தொங்கும் ஈரக் கம்பளி. அந்தக் கம்பளி வாடையை இன்றைக்கு எங்கே பிடித்தாலும் எனக்கு முதலில் அக்காவின் முகம்தான் வரும்.

அட்டை என்றால் நமக்குப் பயமா என்ன? பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் யார் காலில் அதிகம் என்று பாவாடையைத் தூக்கிப் பார்த்துப் போட்டி போட்டவர்கள் நாம். சுண்ணாம்பு வைத்தால் சுருண்டு விழும், சவுக்காரம் தடவினால் கொஞ்ச நேரம் ஏறாது. கடித்த இடம் சின்னதாக, மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்ந்த மாதிரி இருக்கும். இரத்தம் லேசில் நிற்காது, ஆனால் வலிக்காது. இதெல்லாம் நமக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் நான் பொய் சொன்னேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பதினைந்து. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால் அவள் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நீங்கள் பார்த்த அக்கா சிரித்தால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். நம் எல்லோருக்கும் பேன் பார்த்து, தலைவாரி, இடையிடையே குட்டும் வைத்தவள். அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. யாரும் அவளை அடிக்கவில்லை. யாரையும் விரும்பி ஏமாறவும் இல்லை. காரணம் தேடித் தேடி நான் கிழவியானதுதான் மிச்சம்.

தட்டில் வைத்த ரொட்டி அப்படியே இருக்கும். வேலை விட்டு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், தூங்கவும் மாட்டாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "தலைக்குள்ள தேயில ஸ்டோர் மிசின் ஓடுற மாதிரியே இருக்குடி. யாரும் நிப்பாட்ட மாட்டேங்கிறாங்க."

"அப்ப ஒன் காதுல தேயிலத் தூளு கொட்டுமா?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் சிரித்தாள். நானும் பெரிய வேடிக்கை செய்துவிட்ட மாதிரி சிரித்தேன்.

பிறகொரு நாள் அவள் நனைந்த சட்டையை மாற்றும்போது முன்கையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டேன். கோடு கோடாக இருந்தது, சிலது ஆறியும் சிலது ஆறாமலும். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "அட்டைடி" என்றாள். அட்டை அப்படிக் கோடு போடாது என்று எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினேன். அம்மாவும் அதை அட்டைக்கடி என்றே நம்பித் தினமும் காலையில் அவள் கையில் சவுக்காரத் துண்டைக் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேயி" என்று சொல்லி மலைக்குக் கூட்டிப் போனாள்.

அம்மாவுக்குத் தெரிய வந்தது மலைத் தண்ணீர் குழாயில் கொட்டும் பீலியில். ஞாயிற்றுக்கிழமை நம் லயத்துப் பெண்கள் எல்லோரும் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தோம். அக்கா கையை மடக்கி மடக்கி வைத்ததைப் பக்கத்துக் காம்பராச் சித்தி கவனித்துவிட்டாள்.

"என்னாக்கா, புள்ள கையப் பாத்தீங்களா? இது அட்டை இல்லீங்களே."

அம்மா பார்த்தாள். ஈரத் துணியை இழுத்து அக்காவின் கைமேல் போட்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "அட்டைதான். ஏன், ஒங்க வீட்டு ஆளுகள அட்டை கடிக்காதா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏன்டி தங்கம், ஏன்டி இப்புடி?"

"தெரியலம்மா. எனக்கே தெரியல."

அம்மாவின் பயம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் லயத்தில் ஒரு பெண் தனக்குத்தானே பேசித் திரிந்தாளே, அவளைத் தோட்டத்து லாரியில் ஏற்றிக் கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. அவள் பிள்ளைகள் நம்மோடுதான் படித்தன. அக்காவின் சங்கதி ஆபீஸ் காதுக்குப் போனால் அந்த லாரி நம் வாசலுக்கும் வரும் என்று அம்மா நினைத்தாள். என் முகத்தைத் தாடையோடு பிடித்துச் சொன்னாள்: "எவ கேட்டாலும் அட்டைக்கடின்னு சொல்லு. வேற வார்த்த வாயில வந்துச்சு, நாக்குல சூடு வச்சிருவேன்."

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கிற வேலை. அவருடைய வளைந்த கத்தியைக் கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் செருகி வைத்தார். அதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார். மத்தியானம், கதவை மூடி, உடுக்கை அடித்து, வேப்பிலைக்கு மலையில் எங்கே போவது, கையில் கிடைத்த குழையை வைத்து அடித்தார் அந்த ஆள். "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா தன் பேரையே சொன்னாள். பொய் சொல்கிறது என்று மறுபடி அடித்தார். அக்கா மறுபடியும் தன் பேரைத்தான் சொன்னாள். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் அம்மா பாய்ந்து அந்தக் குழையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். பச்சைக் குழை எரியாமல் புகைந்து எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். உங்களில் ரெண்டு பேர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்று சிரித்தீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பள்ளிக்கூடத்துக்கு வந்து, வரிசையில் நிற்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, முகத்தில் சிரிப்பே கிடையாது, 'தோட்டத்துச் சனம்' என்று சொல்லும்போது உதடு கோணும். பீலிப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும், என் முறை வந்ததும் மருந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, கொக்காவின்ர கையில என்ன காயம்?"

கொக்கு என்று நினைத்துத்தானே எல்லோரும் சிரித்தீர்கள்? எனக்கும் அப்படித்தான் கேட்டது. உன் அக்கா என்பதை அவர்கள் ஊரில் கொக்கா என்பார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? வாத்தியார் பிரம்பைத் தட்டி, "ஒங்கக்காவக் கேக்குறாரு" என்றார். சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நானும் சொன்னேன்: "அட்டைக்கடி ஐயா."

அவர் என்னையே பார்த்தார். நான் வாயைத் திறந்து காட்டினேன், மருந்தை ஊற்றட்டும் என்று. ஊற்றிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். கேட்க வேண்டியவர் கேட்டார், சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். அந்தச் சமாதானத்தை நானும் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா வேலைக்கும் போக முடியாமல் கிடந்தாள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "கண்ண எடுக்காத" என்பதுதான் அம்மா சொன்னது. எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. நீங்கள் இஸ்தோப்பில் தட்டாங்கல் ஆடக் கூப்பிட்டீர்கள். அக்கா தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். நான் போனேன். ரெண்டு ஆட்டம் ஜெயித்தேன். உள்ளே போனபோது அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், போர்த்தியிருந்த காய்ந்த கம்பளி நனைந்திருந்தது. வீட்டுக்குள் இருந்த கம்பளி எப்படி நனையும் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு கத்தினேன்.

ஓடி வந்தது பக்கத்துக் காம்பராச் சித்திதான். பீலியில் அம்மா வெட்டிப் பேசியதற்குப் பிறகு எங்கள் வீட்டோடு பேச்சில்லாமல் இருந்தவள். தன் சேலையைக் கிழித்துக் கையைச் சுற்றிக் கட்டினாள். "பயப்புடாத சாமி, பயப்புடாத" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆண்கள் கம்பளியில் தூக்கிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடினார்கள். மலையிலிருந்து அம்மா கொழுந்துக் கூடையோடேயே வந்து சேர்ந்தாள்.

டிஸ்பென்சர் ஐயா வெகுநேரம் வேலை செய்தார். அக்கா பிழைத்துக்கொள்வாள் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "இது என்னெண்டு வந்தது?" என்று கேட்டார்.

"கவ்வாத்துக் கத்தி தவறிப் பட்டுருச்சுங்க ஐயா" என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு."

நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை. "அக்காவே கீறிக்கிட்டா. முந்தியும் அப்புடித்தான். அட்டை இல்ல" என்றேன். அம்மா அறைந்தாள். அறைந்துவிட்டு அவர் காலில் விழுந்தாள். "லாரியில ஏத்திறாதீங்க சாமி. எம்புள்ள திரும்பி வர மாட்டா."

"எழும்புங்கோ. முதல்ல எழும்புங்கோ" என்றார் அவர். அந்தக் கடுகடுத்த முகத்தில் அப்படி ஒரு அலுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் கொழும்புக்கு எழுதமாட்டன். ஆனா ஒண்டு சொல்லுறன், வடிவாய்க் கேளுங்கோ. பொய்யைச் சொல்லிக்கொண்டு இந்தப் பிள்ளையை ஒருத்தராலும் காப்பாத்தேலாது. இவ்வளவு சின்னப் பிள்ளையைக் காவலுக்கு வைக்கிறதே? லயத்தில எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஒரு நிமிசமும் தனிய விடாதேங்கோ. ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மறுநாள் காலையில் அம்மா பீலிக்குப் போனாள். குடத்தைக் கீழே வைத்தாள். முதல் நாளும் அடுத்த நாளும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள்தான் சொன்னாள். "எம்புள்ள கையில இருக்கது அட்டைக்கடி இல்ல. அவளேதான் செஞ்சுக்கிறா. அவளுக்கு மனசு சரியில்ல. என்னால ஒத்த ஆளாப் பாத்துக்க முடியல. ஒங்க வீட்டுக் கத்தியெல்லாம் கொஞ்சம் ஒளிச்சு வைங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்." ஒன்றிரண்டு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

இதெல்லாம் பெரியவர்கள் நம்மிடம் மறைத்தது. நம் லயத்தில் ரொம்ப நாள் காய்கறியைப் பெரியவர்கள் எங்கேயோ வெட்டிக் கொண்டுவந்தார்களே, கீரையைக் கையால் கிள்ளினார்களே, கத்தி எங்கே என்று கேட்டால் தலையில் குட்டினார்களே, அது இதனால்தான். அப்பா கவ்வாத்துக் கத்தியை வீட்டுக்கே கொண்டுவராமல் சாயங்காலம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அக்கா எழுந்து நடமாடியதும் அம்மா அவளை மலைக்குக் கூட்டிப்போனாள். கொழுந்தெடுக்கும்போது ஆளுக்கொரு நிரை அல்லவா? அக்காவுக்கு எப்போதும் நடு நிரை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் சித்தி. இருவரும் அவள் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஊர்வம்பு, யார் வீட்டு மாப்பிள்ளை, யார் வீட்டுக் கோழி. அவள் பின்தங்கினால் கைநிறையக் கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். கங்காணி பார்த்தும் பார்க்காதவர் போல நடந்தார்.

தினமும் மருந்துக் காம்பராவுக்கு நான்தான் கூடப் போவேன். கட்டு மாற்றும்போது ஐயா, "இண்டைக்கு அந்தச் சத்தம் எப்பிடி?" என்று கேட்பார். கூட என்பாள், குறைவு என்பாள், சில நாள் பேசவே மாட்டாள். பேசாத நாளில் அவரும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் தை பிறந்தபோது அக்கா உயிரோடு இருந்தாள். புதுக் காயமும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் அவருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. போகிறதற்கு முன் எங்கள் லயத்துக்கே வந்தார். அந்த மனிதர் லயத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா அவசரமாகப் பலகையைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "காயம் மாறீட்டுது. வருத்தம் மாறேல்லை. கவனம்."

அம்மா கும்பிட்டபடி சொன்னாள்: "வருத்தம் யாருக்குத்தாங்க இல்ல, ஐயா. கல்யாணம் காச்சின்னு ஆனாச் சரியாப் போகும்."

அவர் ஏதோ சொல்ல வந்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் வருத்தம் என்றால் மனக்கவலை. அதற்கு மேல் வேறு அர்த்தம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. எத்தனையோ வருடம் கழித்து நான் வவுனியாவுக்கு வந்து குடியேறி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு நர்ஸ், "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார், நான் நகராமல் நின்றேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். நோய் இன்னும் குணமாகவில்லை, கவனம் என்றுதான் அந்த மனிதர் வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் கவலை தீரட்டும் என்று மாப்பிள்ளை பார்த்தோம்.

மாப்பிள்ளை டயகமப் பக்கம். யாருக்கும் எங்களைத் தெரியாத ஊர் என்பதே அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. லயத்தில் கத்திகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்காவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ரயிலில் தலவாக்கலை வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் போனோம். நல்ல குளிர். அவர்கள் நல்ல மனிதர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மாமியார் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்து, அக்காவின் விறைத்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

தாலி கட்டுவதற்கு முன் வளையல் போட்டுவிட மாப்பிள்ளையின் தங்கை வந்தாள். கையைத் திருப்பிப் பார்த்து, "என்னா மதினி இது, கையெல்லாம் தழும்பு?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா அந்தப் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், என்னிடம் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் சொன்னேன், அதுவும் பெருமையாக: "அட்டைக்கடி. எங்க வட்டவளைப் பக்கம் அட்டை ஜாஸ்தி."

"அட பாவமே! இங்க குளிருக்கு அட்டை கம்மி மதினி. இனிமே நிம்மதியா இருங்க" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா குனிந்துகொண்டாள். வளையல் தழும்பை நன்றாக மறைத்துவிட்டது.

எட்டு மாதம். அதற்குள் ரெண்டு கடிதம் வந்தது, சுகம் என்று எழுதியிருந்தது. அடுத்த ஆடியில், வீட்டிலிருந்த எல்லோரும் மலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் போய்விட்டாள். உங்களுக்கெல்லாம் காய்ச்சலில் போனாள் என்று சொன்னோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காம்பரா வாசலில் கிடத்தியிருந்தார்கள். அம்மா அழுது மயங்கி, எழுந்து, மறுபடி அழுதாள். மாமியார் அம்மாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சண்டைக்கு வருவார்கள் என்று அப்பா பயந்திருந்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லோரும் எடுப்பதற்கு எழுந்தபோது மாமியார்தான் அம்மாவின் காதருகே குனிந்து, அடங்கின குரலில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு மாசமாப் புதுசு புதுசாக் கீறல் இருந்துச்சு சம்பந்தி. கேட்டா அட்டைன்னு சொல்லுச்சு. இந்தக் குளிர்ல ஏது இம்புட்டு அட்டைன்னு மனசுல பட்டுச்சு. ஒங்க சின்னப் புள்ளயும் அதத்தானே சொல்லுச்சுன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நாங்க கத்திய ஒளிச்சு வச்சிருப்போமே."